‘ஹார்ட் பம்பிங் 30 தான் இருக்கு’: அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? மாத்திரை விலை இறங்கியும் மறுபடி மறுபடி அட்மிஷன் ஏன்?

“பம்பிங் 30 தான் இருக்கு. உப்பைக் குறைங்க, மாத்திரையை விடாம போடுங்க.”

புதுக்கோட்டையில் எக்கோ எடுத்து முடித்துவிட்டு ஆலங்குடி பஸ்ஸில் திருவரங்குளம் திரும்பும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். டாக்டர் சொன்னதில் அவர்கள் மனதில் நிற்பது அந்த 30 மட்டும்தான். ‘அப்போ எழுபது போயிடுச்சா?’ என்ற கேள்வியை யாரிடமும் கேட்காமலே வீடு வந்து சேர்வார்கள். நான்கைந்து அட்டை மாத்திரை கையில் இருக்கும். எது எதற்கு என்று தெரியாது.

இந்த நோய்க்கான முக்கிய மாத்திரைகள் சிலவற்றின் விலை 2023-க்குப் பிறகு மளமளவென இறங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் மாதம் சில ஆயிரங்கள் கேட்ட சிகிச்சை இன்று சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் மூச்சு வாங்கி, கால் வீங்கி, திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். எங்கே இடிக்கிறது?

30 என்பது 100-க்கு எடுத்த மார்க்கா?

இல்லை. முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தத்தால் நிரம்புகிறது, பிறகு சுருங்கி வெளியே தள்ளுகிறது. நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் எக்கோ ரிப்போர்ட்டில் ‘எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன்’, சுருக்கமாக இ.எஃப். என்று வரும் எண். எந்த இதயமும் முழுவதையும் தள்ளுவதில்லை. நல்ல ஆரோக்கியமான இதயமே 55 முதல் 70 சதவீதம்தான் தள்ளும். ஆக, 30-ஐ 100-உடன் ஒப்பிடக் கூடாது, 60-உடன் ஒப்பிட வேண்டும். இருக்க வேண்டிய திறனில் ஏறக்குறைய பாதி. அது கவலைப்பட வேண்டிய எண்தான். ஆனால் ‘எழுபது சதவீதம் செத்துப் போச்சு’ என்று அர்த்தம் இல்லை.

40-ம் அதற்குக் கீழும் ‘குறைந்த பம்பிங்’ என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். 41 முதல் 49 வரை இடைப்பட்டது. 50-க்கு மேல் இருந்தும் இதே தொந்தரவுகள் வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களின் இதயம் சுருங்குவதில் அல்ல, தளர்ந்து விரிந்து நிரம்புவதில் சிக்கல். இந்த எண் அடுத்த எக்கோவில் மாறலாம், எடுப்பவரைப் பொறுத்து சில புள்ளிகள் முன்பின் ஆகலாம். 30-ல் இருப்பவர் நடமாடிக் கொண்டிருப்பார், 38-ல் இருப்பவர் கட்டிலை விட்டு இறங்கத் திணறுவார். எண் மட்டுமே நோய் அல்ல.

இதில் தமிழ்ச் சொல்லும் நமக்குக் கைகொடுக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்பதை ‘இதய செயலிழப்பு’ என்று எழுதுகிறோம். கேட்பவருக்கு இதயம் நின்றுவிட்டது போலத் தோன்றும். நின்றுபோவது வேறு, திறன் குறைவது வேறு. இது இரண்டாவது. ஊர் வாயில் புழங்கும் ‘பம்பிங் கம்மி’ என்ற சொல் உண்மைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

எப்படிக் குறைகிறது?

இந்தியாவில் பெரிய காரணம் மாரடைப்பும் அதன் பின்விளைவும்தான். நாட்டின் 53 மருத்துவமனைகளில் 10,851 நோயாளிகளைப் பதிவு செய்த தேசிய இதய செயலிழப்புப் பதிவேட்டில், பத்தில் ஏழு பேருக்கு ரத்தக்குழாய் அடைப்பே காரணமாக இருந்தது. அடைப்பு ஏற்பட்டு நேரம் போகப் போக இதயத்தசை செத்துக்கொண்டே போகும், செத்த இடம் சுருங்காது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-ல் வந்தது இதனால்தான்.

பல வருடம் கட்டுப்படாத பிபி, சர்க்கரை, குடி, சிறுவயது மூட்டுவாதக் காய்ச்சலால் கெட்ட வால்வு, வைரஸ் தாக்குதல், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். பெண்கள் விஷயத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதத்திலிருந்து பிறந்த ஐந்து மாதம் வரை சிலருக்கு இதயத்தசை திடீரெனப் பலவீனமாகும். ‘பச்ச உடம்பு, அப்படித்தான் மூச்சு வாங்கும்’ என்று வீட்டில் சொல்லி விட்டுவிடுகிறார்கள். படுத்தால் மூச்சுத் திணறுவது பச்ச உடம்பின் இயல்பு அல்ல.

அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. ராத்திரி படுத்ததும் வரும் வறட்டு இருமலைச் சளி என்று நினைத்து டானிக் குடிப்பார்கள். ஒரு தலையணை போதாமல் இரண்டு, மூன்று என்று ஏறும். தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் உட்காருவார்கள். வாசலில் குனிந்து கோலம் போடும்போது மட்டும் மூச்சு முட்டும். செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் ஆழமாகத் தெரியும். ‘வயசாச்சுல்ல’ என்ற பதில் இங்கே ஆபத்தானது. ஏனென்றால் அந்த தேசியப் பதிவேட்டில் சராசரி வயது 60-ஐக்கூடத் தொடவில்லை.

‘எனக்கு சுகர் இல்லையே, எதுக்கு சுகர் மாத்திரை?’

சிகிச்சையில் மிக அதிகமாகக் குழப்பம் நடக்கும் இடம் இதுதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பம்பிங் குறைந்ததும் உடம்பு சும்மா இருப்பதில்லை. ரத்தம் போதவில்லை என்று நினைத்து சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் இதயத்தை விரட்டுகின்றன. மேடு ஏறத் திணறும் வண்டிமாட்டைச் சாட்டையால் அடிப்பது போல. கொஞ்ச தூரம் ஓடும், பிறகு படுத்துவிடும். இன்றைய சிகிச்சையின் வேலை அந்தச் சாட்டையைப் பிடுங்குவது.

அதற்கு நான்கு வகை மாத்திரைகள். ஒன்று, ரத்தக்குழாயைத் தளர்த்தி சுமையைக் குறைப்பது. எனாலாபிரில், ராமிப்ரில் போன்றவை பழையவை. சாக்யூபிட்ரில்-வல்சார்டன் கூட்டு மாத்திரை புதியது. 2014-ல் வெளியான பாரடைம்-எச்எஃப் ஆய்வில் எனாலாபிரிலைவிட இது இதய மரணத்தையும் ஆஸ்பத்திரி சேர்க்கையையும் சேர்த்து 20 சதவீதம் குறைத்தது.

இரண்டாவது, மெட்டோப்ரோலால், கார்வெடிலால், பைசோப்ரோலால் ஆகிய பீட்டா பிளாக்கர்கள். இவை இதயத் துடிப்பைக் குறைப்பவை. பலவீனமான இதயத்துக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவ மாணவர்கள் படித்தார்கள். 1975-ல் ஸ்வீடன் மருத்துவர்கள் சிலர் துணிந்து கொடுத்துப் பார்த்தார்கள். அது சரி என்று உலகம் ஒப்புக்கொள்ள 1999-ல் வந்த பெரிய ஆய்வுகள் தேவைப்பட்டன. அவற்றில் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மூன்றாவது ஸ்பைரோனோலாக்டோன். பழைய, மலிவான மாத்திரை. நான்காவது டாபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின். இவை சர்க்கரை நோய்க்காக வந்தவை, இதயத்துக்கு உதவுவது பிறகு தெரியவந்தது. டாபாக்ளிஃப்ளோசினைச் சோதித்த 2019 ஆய்வில் பங்கேற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அவர்களுக்கும் பலன் கிடைத்தது.

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருவோம். மெடிக்கல் ஷாப்பில் அட்டையைப் பார்த்து ‘இது சுகர் மாத்திரைங்க’ என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ‘இது பிபி மாத்திரையாச்சே, உங்களுக்குத்தான் பிபி 110 இருக்கே’ என்பார். இருவர் சொல்வதும் பாதி உண்மை. நோயாளி இரண்டையும் நிறுத்திவிடுவார். தொடர்வது எதை? கால் வீக்கத்தை இரண்டே நாளில் வற்றவைத்த ‘யூரின் மாத்திரை’யை. உண்மையில் அந்த ஃபுரோசிமைடு, தேங்கிய நீரை வெளியேற்றி உடனே நிம்மதி தருகிறதே தவிர, இதயத்தைத் தேற்றும் வேலை அதனுடையது அல்ல. ஆயுளைக் கூட்டும் மாத்திரைகள் எதுவும் ‘வேலை செய்யுது’ என்று உடனே காட்டிக்கொள்வதில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் தலைசுற்றல், அசதிகூட வரலாம். டாக்டர் சீட்டில் ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே ‘இது ஹார்ட்டுக்கு’ என்று தமிழில் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பழைய மாத்திரை டப்பாவையும் கவனிக்க வேண்டும். எனாலாபிரில் வகையிலிருந்து சாக்யூபிட்ரில் கூட்டு மாத்திரைக்கு மாறும்போது இடையில் 36 மணி நேர இடைவெளி தேவை. இரண்டும் சேர்ந்தால் முகம், நாக்கு, தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும் ஆபத்து உண்டு. ‘மிச்சம் இருக்கே, வீணாக்குவானேன்’ என்று பழசையும் சேர்த்துப் போடக் கூடாது.

விலை எப்படி இறங்கியது?

காப்புரிமை முடிந்ததால். சாக்யூபிட்ரில்-வல்சார்டனுக்கு நோவார்டிஸ் வைத்திருந்த அடிப்படைக் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்தது. எம்பாக்ளிஃப்ளோசின் காப்புரிமை 2025 மார்ச் 11-ல் முடிந்தது. ஒரு மாத்திரை 60 ரூபாய் வரை விற்றது. அடுத்த சில நாட்களில் இந்திய கம்பெனிகள் வரிசைகட்டி 10 ரூபாய்க்கும் கீழே இறக்கின, சில பிராண்டுகள் 5 ரூபாய் சொச்சத்துக்கே வந்தன. 2025 பிப்ரவரி 24-ல் தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் அதற்கு முன்பே இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பது போக மீதியை இங்கே விசாரிக்கலாம். பிராண்டு பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அப்படியானால் எங்கே இடிக்கிறது?

டிஸ்சார்ஜ் ஆன பிறகான மூன்று மாதங்களில்.

அந்த தேசியப் பதிவேட்டில் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் 14.2 சதவீதம். ஏழில் ஒருவர். பம்பிங் குறைந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூடப் பரிந்துரைக்கப்பட்ட மாத்திரைகள் முறையாகப் போய்ச் சேரவில்லை, 47.5 சதவீதம்தான். அண்டை மாநிலமான கேரளத்தில் 2013-ல் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்த திருவனந்தபுரம் பதிவேட்டில் ஐந்து ஆண்டுகளில் பத்துக்கு ஆறு பேர் உயிரோடு இல்லை. பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது. ஆனால் புற்றுநோய் என்றால் பதறும் வீடு, ‘பம்பிங் கம்மி’ என்றால் அவ்வளவு பதறுவதில்லை.

மாத்திரையை எழுதிக் கொடுத்ததோடு முடிகிற வைத்தியம் இல்லை இது. சின்ன டோஸில் ஆரம்பித்து, பிபி, நாடித்துடிப்பு, ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். 14 நாடுகளில் 1,078 பேரிடம் நடந்த ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வு 2022-ல் இதை அழுத்தமாகக் காட்டியது. இரண்டு வாரத்தில் முழு டோஸுக்கு ஏற்றி, 1, 2, 3, 6-வது வாரங்களில் கூப்பிட்டுப் பார்த்தவர்களில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அல்லது மீண்டும் அட்மிட் ஆனவர்கள் 15.2 சதவீதம். வழக்கமான முறையில் விடப்பட்டவர்களில் 23.3 சதவீதம்.

ஆறு வாரத்தில் நான்கு முறை. திருவரங்குளம் புதுக்கோட்டைக்குப் பக்கம்தான், 2017-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது. ஆனால் இதே ஒன்றியத்தில் வடகாடு, நெடுவாசல் பக்கம் இருப்பவருக்கு அது இன்னும் தள்ளி. தோட்ட வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு ரிவ்யூவும் ஒரு நாள் கூலி. துணைக்கு வருபவருக்கு இன்னொரு கூலி. ‘இப்போ நல்லாத்தானே இருக்கு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கானது. ஸ்டென்ட் வைக்க வழி இருக்கிறது, அதற்குப் பிறகான ரிவ்யூக்கு ஆகும் பஸ் காசும் போகிற கூலியும் அந்தக் கணக்கில் வராது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே போகிறது. பிபி, சர்க்கரை மாத்திரை, பிசியோதெரபி, வலிநிவாரண ஆதரவு, டயாலிசிஸ் பைகள் என்று தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட சேவைகளில் இதயத் திறன் குறைவு என்று தனியாக ஒன்று இல்லை. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் ஏற்கெனவே பிபி பார்க்கிறார். ‘எடை எவ்வளவு, கால் வீங்கியிருக்கா, எத்தனை தலையணை வைக்கிறீங்க, நாலு மாத்திரையும் இருக்கா’ என்ற நான்கு கேள்விகளைக் கூடவே கேட்பதற்குப் புதுக் கட்டடமோ புது மெஷினோ தேவையில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதல் செலவு ஒரு எடை மெஷின். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன்பு நின்று பார்த்து, காலண்டரில் அந்தத் தேதிக்கே எழுதிவிடுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். மூச்சு முட்டுவதற்கு முன்பே எடை சொல்லிவிடும், அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர் மிளகாயைத் தட்டில் வைத்தால் கணக்கு சரியாகிவிடாது. ‘நாங்க இந்துப்புதான் போடுறோம்’ என்பவர்கள் கவனிக்க: இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று பாக்கெட்டில் விற்பது இன்னும் சிக்கல், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோனும் முதல் வகை மாத்திரையும் ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றுபவை. அளவு மீறினால் துடிப்பே தாறுமாறாகும்.

இதே காரணத்துக்காக இளநீர். தென்னந்தோப்பு சூழ்ந்த ஊரில் உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் இரண்டு இளநீர் வெட்டிக்கொண்டு வருவார்கள். பொட்டாசியம் நிறைந்தது, தண்ணீர்க் கணக்கிலும் சேரும். டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். வருகிறவர்களை மனம் நோகாமல் தடுக்க இந்தக் கட்டுரையைக் காட்டலாம்.

அடுத்தது வலி மாத்திரை. நாற்று நட்ட இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் ரகங்கள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், சிறுநீரகத்தையும் அடிக்கும். நன்றாக இருந்தவர் திடீரென மூச்சுத்திணறி அட்மிட் ஆனால் டாக்டர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, ‘வலிக்கு ஏதாவது போட்டீங்களா?’

வீட்டில் படுத்தே கிடக்க வேண்டும் என்பதும் தவறு. மூச்சு சீரான பிறகு, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் தினமும் நடப்பது நல்லது.

பம்பிங் 50-க்கு வந்துடுச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?

சந்தோஷமான செய்திதான். முறையாக மாத்திரை எடுத்தவர்களில் கணிசமானோருக்கு எண் ஏறவே செய்கிறது. ஆனால் நிறுத்தக் கூடாது. பம்பிங் முழுதாகத் தேறி, எந்தத் தொந்தரவும் இல்லாத 51 பேரை வைத்து பிரிட்டனில் ட்ரெட்-எச்எஃப் என்று ஒரு ஆய்வு நடந்தது. மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாக மாத்திரையை நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு ஆறே மாதத்தில் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. தேறியது மாத்திரையின் தயவில் நிற்கும் தேறுதல். பிரசவத்தோடு வந்த பாதிப்பு தேறியவர்கள் அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும், இந்த மாத்திரைகளில் சில கருவுக்கு ஆகாதவை.

மாத்திரையை முழு அளவில் எடுத்து மூன்று மாதமாகியும் பம்பிங் 35-ஐத் தாண்டாவிட்டால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐசிடி கருவி பற்றி மருத்துவர் பேசுவார். இதயத்தின் மின்னோட்டம் பிசகியவர்களுக்கு இரு பக்கத்தையும் ஒருசேரத் துடிக்கவைக்கும் வேறொரு பேஸ்மேக்கர் உண்டு. எல்லாம் கைவிட்ட நிலையில் இதய மாற்று அறுவை சிகிச்சை. 2008-ல் ஹிதேந்திரனின் உறுப்புதானத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் அது பரவலாகப் பேசப்பட்டது. ஆனாலும் கிடைக்கும் இதயங்கள் சொற்பம், அந்த வரிசை மிக நீளம்.

எப்போது 108?

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், படுக்கவே முடியாமல் போனால், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தால், நெஞ்சு வலித்தால், மயங்கி விழுந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆளை மல்லாக்கப் படுக்கவைக்காமல், மயங்காமல் இருந்தால் கால்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்காரவைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ ரிப்போர்ட், இப்போது போடும் மாத்திரை அட்டைகள், எடை எழுதிய காலண்டர் தாள் நான்கையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, கதவுக்குப் பின்னால் எப்போதும் மாட்டி வைத்திருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எமர்ஜென்சியில் இருக்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.